டாக்டர் ஐடா ஸ்கடரும் நம் கண்களும்



நம் சங்கத்தின் காலாண்டு மடலில் ஒவ்வொரு முறையும் நம் பகுதியோடு தொடர்புடைய ஒருவரைப் பற்றி எழுதி வருகிறோம். இந்த முறை வேலூர்க்காரர்களுக்கு அறிமுகமே தேவையில்லாத ஒருவர். சி.எம்.சி. இருக்கும் சாலைக்கே அவர் பெயர்தான். ஆனால் ஆஸ்பத்திரியைத் தொடங்கியவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? போன வருடம் வரை எனக்கும் தெரியாது.

தெரிந்துகொண்ட விதம் கொஞ்சம் வேடிக்கையானது. ஆரணி சாலையில் உள்ள ஷெல் கண் மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் பாப்பா விரிய நேரமாகும், பேப்பர் படிக்க முடியாது, செல்போனும் பார்க்க முடியாது. சும்மா உட்கார்ந்திருந்தபோது அந்தப் பெயரைப் பற்றி யோசித்தேன். ஷெல் என்றால் பெட்ரோல் கம்பெனி நன்கொடை கொடுத்துக் கட்டியதாக்கும் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர்தான் சிரித்துக்கொண்டே திருத்தினார். அது அமெரிக்காவில் இறந்துபோன ஒரு பெண்மணியின் பெயர். அந்தப் பெயர் வேலூருக்கு வந்த கதைதான் ஐடா ஸ்கடரின் கதை.

ஐடா பிறந்தது 1870 டிசம்பர் 9 அன்று, ராணிப்பேட்டையில். இன்று ராணிப்பேட்டை என்றதும் தோல் தொழிற்சாலைகளும் பாலாறும் நினைவுக்கு வருகின்றன. அன்று அங்கே ஸ்கடர் குடும்பம் ஏற்கெனவே வேர்விட்டிருந்தது. தாத்தா ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் நல்ல வருமானத்தோடு இருந்த டாக்டர். அதை விட்டுவிட்டு 1819-இல் கப்பலேறி யாழ்ப்பாணத்துக்கு வந்து, பிறகு சென்னைக்கு வந்தவர். இந்தியாவுக்கு வந்த முதல் அமெரிக்க மருத்துவ மிஷனரி அவர்தான். பெரியப்பா சைலஸ் 1866-இல் ராணிப்பேட்டையில் ஆஸ்பத்திரி தொடங்கினார். அப்பாவும் டாக்டர், அவர் பெயரும் ஜான். தலைமுறை தலைமுறையாக இந்தக் குடும்பத்திலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இப்படி வந்து வேலை செய்திருக்கிறார்கள். ஒரே வீட்டில் இத்தனை பேர் ஒரே வேலைக்குப் போனால் அடுத்து வரும் பிள்ளைக்கு அது சலித்துப்போகாதா? ஐடாவுக்கும் சலித்துத்தான் போனது.

அவருக்கு ஆறு வயதானபோது தாது வருஷப் பஞ்சம் வந்தது. நம் தாத்தா பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போமே, அதே பஞ்சம்தான். 1876 முதல் 1878 வரை வட ஆற்காடு உட்பட சென்னை மாகாணம் முழுவதையும் அது உலுக்கியது. சொந்தமாக எடுத்துச் சாப்பிடக்கூடத் தெம்பில்லாத குழந்தைகளின் வாயில் ரொட்டியைப் பிய்த்துப் போடும் வேலை இந்தச் சிறுமிக்குக் கிடைத்தது. பஞ்சத்தில் பசியோடு பார்வையும் போகும். வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் மாலைக்கண் வரும், பிறகு கருவிழி வறண்டு வெந்துபோகும், குழந்தை பிழைத்தாலும் கண் பிழைக்காது. வைட்டமின் என்ற பெயரே அன்று உலகத்தில் யாருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு குடும்பம் அமெரிக்கா போனது. சில ஆண்டுகளில் அப்பா இந்தியாவுக்குத் திரும்பினார், அம்மாவும் பின்னால் கிளம்பினார். ஐடாவை மட்டும் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். பதின்மூன்று வயதைச் சுற்றி இருந்த பெண் பிள்ளைக்கு அது ஆறாத காயம். இந்தியா தன் பெற்றோரைப் பறித்துக்கொண்டது என்றுதான் அவருக்குத் தோன்றியது. மிஷனரி ஆகப்போவதில்லை, அந்த வெயிலும் பசியும் எனக்கு வேண்டாம், இங்கேயே படித்து, கல்யாணம் செய்துகொண்டு சுகமாக இருக்கப் போகிறேன் என்பதுதான் அவர் கணக்கு. மாசசூசெட்சில் நார்த்ஃபீல்டு பள்ளியில் குறும்புக்காரி என்று பெயரெடுத்தார்.

1890-இல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வந்தது. அப்போது பெற்றோர் இருந்தது திண்டிவனத்தில். அம்மா தேறியதும் திரும்பிவிடலாம் என்று வந்த ஐடாவை ஒரே ஒரு இரவு மாற்றிப்போட்டது.

அந்த இரவு பலருக்கும் தெரிந்திருக்கும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விளக்கை வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்த ஐடாவின் வாசலுக்கு ஒரு பிராமண இளைஞர் வந்தார். மனைவி பிரசவ வேதனையில் துடிக்கிறாள், உடனே வர வேண்டும் என்றார். நான் டாக்டர் இல்லை, அப்பாதான் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. அதற்கு அவர் ஒப்புக்கொள்ளவில்லை. வேற்று ஆண் என் மனைவியைப் பார்ப்பதைவிட அவள் சாவதே மேல் என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார், அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாக இன்னொரு இந்துக் குடும்பத்திலிருந்தும் ஆள் வந்தது. மூன்று பேரும் வெறுங்கையோடு திரும்பினார்கள். பொழுது விடிந்ததும் தெருவில் சாவு மேளம் கேட்டது. விசாரிக்க ஆள் அனுப்பினார் ஐடா. மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

வீட்டில் டாக்டர் இருந்தார், மருந்தும் இருந்தது, தெரு தள்ளித்தான் வீடு. இருந்தும் மூன்று உயிர் போனது. அவ்வளவு பக்கத்தில் இருந்த வைத்தியம் போய்ச் சேராமல் இருந்ததுதான் அந்தப் பெண்ணை உலுக்கியது. அன்றே டாக்டருக்குப் படிப்பது என்று முடிவெடுத்தார்.

பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்ததும் அங்கே மாறி, 1899-இல் பட்டம் பெற்றார். கிளம்புவதற்கு முன் வேலூரில் பெண்களுக்கு ஒரு ஆஸ்பத்திரி கட்டப் பணம் திரட்டும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. வீடு வீடாகக் கேட்டுப்பார்த்தும் பெரிதாக ஒன்றும் தேறவில்லை. நியூயார்க்கில் ஒரு வீட்டில் ஒரு அம்மாளிடம் அவர் வேலூர்ப் பெண்களின் நிலையைச் சொல்லிக்கொண்டிருந்தது பக்கத்து அறையில் இருந்த முதியவர் காதில் விழுந்தது. அவர் ஒரு வங்கியின் தலைவர், பெயர் ஷெல். மறுநாள் ஐடாவை அழைத்துப் பல கேள்விகள் கேட்டார். பிறகு, இறந்துபோன தன் மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். ஆரணி சாலைப் பெயரின் கதை இதுதான்.

1900-ஆம் ஆண்டு பிறக்கும்போது ஐடா இந்தியாவில் கால் வைத்தார். அனுபவசாலியான அப்பாவிடம் சில வருடம் தொழில் பழகலாம் என்று எண்ணியிருந்தார். அதே வருடம் மே மாதம் அப்பா புற்றுநோயால் காலமானார். முப்பது வயதுகூட ஆகாத பெண், தனி ஆளாக, வீட்டிலேயே ஒரு கட்டிலைப் போட்டு வைத்தியம் ஆரம்பித்தார். நர்ஸ் கிடையாது. சமையல்காரரின் மனைவி சலோமிதான் உதவிக்கு. முதலில் ஆட்கள் வரவே தயங்கினார்கள். பிறகு வந்தார்கள், வந்துகொண்டே இருந்தார்கள். இரண்டே ஆண்டுகளில் 5,000 பேரைப் பார்த்தார் என்று கணக்கு. 1902-இல் நாற்பது கட்டில்களோடு ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

ஆஸ்பத்திரி வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நாமாக இருந்தால் நினைத்திருப்போம். ஐடா அப்படி நினைக்கவில்லை. திண்டிவனத்தில் பார்த்ததையே வேறு ரூபத்தில் வேலூரிலும் பார்த்தார். வருகிறவர்கள் எல்லாக் கைவைத்தியமும் முடிந்து, வேறு வழியே இல்லை என்ற கடைசி நிலையில்தான் வந்தார்கள். பிரசவத்தில் நாள்கணக்கில் தவித்த பிறகு வண்டியில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். புண் புரையோடிய பிறகு வருவார்கள். கண் விஷயத்திலும் நம் கிராமங்களின் வழக்கம் இதுவே. பச்சிலைச் சாறு விடுவது, தாய்ப்பால் பீய்ச்சுவது, பிறகு ஊர் ஊராக வரும் புரை எடுப்பவரிடம் காட்டுவது. அந்த ஆட்கள் ஊசி போன்ற கருவியால் புரையை எடுப்பதில்லை, கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவார்கள். அன்றைக்குப் பளிச்சென்று தெரியும், ஆள் காசை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார், அதற்குப் பிறகு கண்ணில் சீழ் பிடித்தோ அழுத்தம் ஏறியோ பலருக்குப் பார்வை நிரந்தரமாகப் போகும்.

நோயாளி வரவில்லையென்றால் நாம் போவோம் என்று கிளம்பினார் ஐடா. வாரத்தில் ஒரு நாள் குடியாத்தம் சாலையில் பயணம். முதலில் மாட்டு வண்டியும் ஜட்காவும். வழியில் மரத்தடிகளில் மக்கள் காத்திருக்க ஆரம்பித்தார்கள். வண்டி நிற்கும், பெட்டி திறக்கும், சொறி சிரங்கு, காதில் சீழ், கண்வலி, பல்வலி, ஆறாத புண் என்று வரிசை நீளும். அடுத்த மரம், அடுத்த வரிசை. 1909-இல் அவருக்கு ஒரு சிறிய பெஜோ கார் கிடைத்தது. குதிரையும் மாடும் இல்லாமல் புகை கக்கிக்கொண்டு வந்த அதைப் பார்த்துப் பேய் என்று ஜனங்கள் வயல்வெளியில் ஓடினார்களாம். கொஞ்ச நாளில் அதே ஜனங்கள் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள்.

இந்தச் சாலையோர வைத்தியத்தில் எனக்கு முக்கியமாகத் தெரிவது அதன் கிழமை தவறாத முறைதான். ஒரே கிழமை, ஒரே மரம். இந்த வாரம் கட்டுப்போட்ட புண்ணை அடுத்த வாரம் அவிழ்த்துப் பார்ப்பார். வலி இல்லாவிட்டாலும் வரச் சொல்வதற்கு அதில் இடம் இருந்தது. முகாம் என்று ஒரு நாள் கூட்டம் சேர்த்துவிட்டுப் போவதற்கும் இதற்கும் வித்தியாசம் நிறைய.

அதே 1909-இல் சென்னையில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும், ஐடாவுக்கு நேரடித் தொடர்பு இல்லையென்றாலும். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கப்பட்டது, ஆசியாவிலேயே மிகப் பழமையான கண் மருத்துவமனைகளில் ஒன்று. அங்கே கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட் அந்த ஆண்டில்தான் கண் அழுத்த நோய்க்கு, அதாவது கிளாக்கோமாவுக்கு, கண்ணில் நுண்ணிய துளையிட்டு நீரை வடியவிடும் அறுவை முறையைக் கொண்டுவந்தார். உலகெங்கும் அதைக் கற்றுக்கொண்டார்கள். நம் சென்னையில் பிறந்த வைத்தியம். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. கண்புரையை எடுத்தால் போன பார்வை திரும்பும். கிளாக்கோமாவில் போனது போனதுதான். மிச்சத்தைத்தான் காப்பாற்றலாம். ஆகவே சீக்கிரம் வந்து காட்ட வேண்டும். அதற்கு வலி வேண்டும், சிவப்பு வேண்டும், ஏதாவது ஒரு அறிகுறி வேண்டும். பெரும்பாலும் எதுவுமே இருக்காது.

இதை எழுதுகிற எனக்கு அதுதான் நடந்தது.

முப்பது வருடம் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டில் இருந்தவன் நான். தோலில் கடுகளவு கீறல் இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது என்று பெயர். தையலில் ஒரு இழை விலகினால் தூரத்திலிருந்தே சொல்லுவேன். அந்தக் கர்வத்தில் என் கண்ணை நான் யாரிடமும் காட்டியதே இல்லை. நாற்பது தாண்டி வெள்ளெழுத்து வந்தபோதுகூட பஸ் ஸ்டாண்ட் பக்கம் தள்ளுவண்டியில் ரெடிமேட் கண்ணாடி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டேன். எழுத்து தெரிந்தது, அத்தோடு விஷயம் முடிந்தது என்று இருந்துவிட்டேன். தள்ளுவண்டிக் கண்ணாடி எழுத்தைப் பெரிதாக்கும், கண்ணுக்குள் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்காது. மனைவி மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நம் கீழ்த்தளப் பார்க்கிங்கில் இடது பக்கம் நிறுத்தியிருந்த பைக்குகளை நான் இரண்டு முறை இடித்தது சிலருக்கு நினைவிருக்கும். அப்போது பைக்கைத் தப்பாக நிறுத்தியதாக நான்தான் சத்தம் போட்டேன், இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இடது கண்ணில் மூக்கை ஒட்டிய நேர்ப்பார்வை நன்றாக இருந்தது, ஓரப் பார்வையில் பெரும் பகுதி போயிருந்தது. எப்போது போனது என்று எனக்குத் தெரியவே தெரியாது. நல்ல கண் ஈடுகட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

என் அப்பாவுக்கும் கடைசிக் காலத்தில் கண் தெரியாமல் போனது. வயசானால் புரை விழும், அவ்வளவுதான் என்று விட்டுவிட்டோம். இப்போது யோசித்தால் அது புரையாக இருந்திருக்காது. கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இந்த நோய் வர வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் சொன்னார். பெங்களூரில் இருக்கும் என் மகனிடம் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. இந்த வாரம், அடுத்த வாரம் என்கிறான். யார் பிள்ளை!

ஐடாவின் கதைக்கு வருகிறேன். தனி ஆளாக எத்தனை மரத்தடிக்குப் போய்விட முடியும்? 1909-இல் நர்ஸ்களுக்குப் பயிற்சி ஆரம்பித்தார். பிறகு பெண்களுக்கு ஒரு மருத்துவப் பள்ளி வேண்டும் என்று அரசிடம் போய் நின்றார். மூன்று பேர் விண்ணப்பித்தாலே அதிகம் என்று பேசிக்கொண்டார்கள். 1918-இல் பள்ளி தொடங்கியபோது வந்த விண்ணப்பங்கள் 151. முதல் ஆண்டுத் தேர்வில் மாகாணத்தின் ஆண் மாணவர்களில் பெரும்பாலோர் தவற, வேலூர்ப் பெண்கள் அத்தனை பேரும் தேறினார்கள் என்பது இந்த ஊரில் இன்றும் பெருமையோடு சொல்லப்படும் செய்தி. 1922-இல் முதல் அணியாக 14 பேர் டாக்டர்களாக வெளியே வந்தார்கள்.

1920-களில் ஊருக்குள் பெரிய ஆஸ்பத்திரி எழுந்தது. பாகாயத்தில் 200 ஏக்கரில் கல்லூரி வளாகத்துக்கு 1928-இல் அடித்தளமிட்டார்கள். காந்தியடிகள் கல்லூரியைப் பார்க்க வந்ததும் அதே ஆண்டில்தான். அடுத்த பத்தாண்டின் முடிவில் புதிய சோதனை. டிப்ளமோ போதாது, டாக்டர் என்றால் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும் என்று சென்னை அரசு விதி கொண்டுவந்தது. அதற்கு ஏற்றபடி கட்டிடமும் ஆசிரியர்களும் கருவிகளும் சேர்க்க வேண்டும், இல்லையேல் மூட வேண்டும். எழுபது வயதில் ஐடா மறுபடி அமெரிக்காவுக்குப் போய், யுத்த காலத்தில், ஊர் ஊராகப் பேசிப் பணம் சேர்த்தார். 1942-இல் பட்டப் படிப்பு வந்தது. 1947-இல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கு முந்தைய வருடமே ஓய்வு பெற்றிருந்த ஐடாவின் இடத்துக்கு விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த டாக்டர் ஹில்டா லாசரஸ் வந்தார். நிர்வாகப் பொறுப்பில் முதல் இந்தியர்.

ஆண்களைச் சேர்ப்பதில் ஐடாவின் பழைய ஆதரவாளர்களுக்குள் பெரிய மனஸ்தாபம் இருந்தது. பெண்களுக்காகக் கொடுத்த காசு என்றார்கள். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் மூடிவிடுவதைவிட மாறுவது மேல் என்று ஐடா முடிவெடுத்தார். என் எண்ணத்தில் அவர் செய்ததிலேயே கடினமான முடிவு அதுவாகத்தான் இருக்கும்.

அந்த 1947-இல்தான் டாக்டர் விக்டர் ராம்போ வேலூருக்கு வந்தார். அதற்கு முன் இன்றைய சத்தீஸ்கரில் உள்ள முங்கேலியில் பல வருடம் கண் அறுவை செய்தவர். ஐடாவின் மரத்தடி வழியை அவர் கண்ணுக்குக் கொண்டுவந்தார். டாக்டர்களும் நர்ஸ்களும் கருவிகளோடு கிராமத்துக்குப் போவார்கள். பள்ளிக்கூடமோ சத்திரமோ அறுவை அரங்காகும். புரை எடுத்தவர்கள் கண்கட்டோடு பாயில் வரிசையாகப் படுத்திருப்பார்கள், அசையக் கூடாது. கட்டைப் பிரித்த பிறகு சோடாபுட்டிக் கண்ணாடி. இன்றைக்கு உள்ளேயே லென்ஸ் வைத்துவிடுகிறார்கள், காலையில் போனால் மாலையில் வீட்டுக்கு வந்துவிடலாம். கண் முகாம் என்பது பின்னாளில் தமிழ்நாட்டுக் கிராமங்கள் எல்லாவற்றுக்கும் பழகிய சொல்லாயிற்று. 1976-இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மத்திய அரசின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டமும் அதே ஆண்டில் வந்தது. பொதுப் பிரிவுகள் ஊருக்குள் போய்விட்ட பிறகு, பெண்களின் பிரசவத்துக்காகக் கட்டிய ஷெல் ஆஸ்பத்திரி கண்ணுக்கென்றே ஆனது.

ஐடாவின் மரத்தடியை நம் அடுக்குமாடியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். நமக்கு டாக்டர் தூரத்தில் இல்லை, காரும் இருக்கிறது, பலருக்கு இன்சூரன்சும் இருக்கிறது. ஆனாலும் போன முறை சங்கம் சமுதாயக் கூடத்தில் கண் பரிசோதனை ஏற்பாடு செய்தபோது பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர்கூட வரவில்லை. எனக்குத்தான் நன்றாகத் தெரிகிறதே என்பதுதான் எல்லோரும் சொன்ன காரணம்.

எந்த வயதில் என்ன என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். குறைமாதமாக, 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைந்த எடையிலோ பிறந்த குழந்தைக்குப் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும், தள்ளிப்போட இடமில்லாத ஒன்று இது. பள்ளியில் சேர்க்கும் முன் ஒரு முறை. ஒரு கண்ணில் மட்டும் பவர் இருந்தால் குழந்தைக்குச் சொல்லவே தெரியாது, மற்ற கண்ணால் சமாளித்துக்கொள்ளும், மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தாமலே விட்டுவிடும். சோம்பேறிக் கண் என்கிறார்கள். ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் சரிசெய்வது எளிது, பிறகு கஷ்டம். கண்ணாடி போட்ட பிள்ளைகளுக்கு வருடா வருடம் பவர் மாறும். நாற்பதில் கண் அழுத்தத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் தனி ரகம். அவர்களுக்குச் சர்க்கரை என்று தெரிந்த உடனே ஒரு முறை, பிறகு வருடத்துக்கு ஒரு முறை, சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும். பார்வை மங்கிய பிறகு போனால் உள்ளே ரத்தக் கசிவு வெகுதூரம் போயிருக்கும். அறுபதுக்கு மேல் வருடம் ஒரு முறை எல்லோருமே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நம் ஊர் என்பதால். நம் வீடுகளுக்கு வேலைக்கு வருகிற அக்காமார்களின் வீட்டில் யாராவது ஒருவர் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போகிறவராக இருப்பார். அப்பர் தைக்கும் பெண்களுக்கு நாற்பது தாண்டியதும் ஊசி நுனி மங்க ஆரம்பிக்கும். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் சொல்ல மாட்டார்கள். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது தாண்டிய தொழிலாளர்களுக்குச் சாதாரண வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலை, போடாதவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதிகம். தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர்களுக்கு வேறு ஆபத்து. சுண்ணாம்புத் தண்ணீர் கண்ணில் தெறித்தால் ஆசிட்டைவிட ஆழமாக இறங்கும். ஓடிப்போய் டாக்டரைத் தேடும் முன், இமையை நன்றாகத் திறந்து கால் மணி நேரத்துக்குக் குறையாமல் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், அதற்குப் பிறகு ஓட வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகு ஐடா பெரும்பாலும் கொடைக்கானலில் தன் மலை வீட்டில் இருந்தார். அறுபதைத் தாண்டியும் டென்னிஸ் ஆடியவர். முதல் மாணவிகள் பாட்டிமாராகி அவரைப் பார்க்க வந்தார்கள். வெறுமனே டாக்டர் ஐடா, இந்தியா என்று முகவரி எழுதிய கடிதம்கூட அவருக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது என்று சொல்வார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1960 மே மாதம், 89 வயதில் காலமானார். அவர் பிறந்த ராணிப்பேட்டையிலேயே 2022-இல் சி.எம்.சி.யின் புதிய வளாகம் ஒன்று திறக்கப்பட்டிருக்கிறது.

நான் இப்போது தினமும் இரவு படுக்கும் முன் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறேன். இடது கண்ணில் மிச்சம் இருப்பது அப்படியே இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் சொன்ன தேதியில் போகிறேன். அடுத்த முறை நம் கட்டிடத்திலிருந்து சேர்ந்து போக விரும்புகிறவர்களுக்காக லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன், பிளாட் எண்ணையும் பெயரையும் எழுதினால் போதும். பழைய கண்ணாடி இருந்தால் எடுத்து வாருங்கள், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைச் சீட்டையும். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கூச்சமாக இருக்கும், வண்டி ஓட்ட முடியாது, ஆகவே ஆட்டோ பேசிக்கொள்ளலாம். என் மகனும் அந்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறான். அவன் பெயரை முதல் வரியில் நானே எழுதிவிட்டேன்.